அக்பரும் ஆயிரம் சிவிங்கிகளும்

முகலாயப் பேரரசர் அக்பரை அறியாத தமிழ் மாணவர் இலர். பானிபட்டுப் போர், தோடர்மால் வகுத்த நிலவரி, பத்தேபூர் சிக்ரியின் மண்டபங்கள், பீர்பால் கதைகள் என்று பள்ளியில் படித்தவை எல்லோர் நினைவிலும் நிற்கும். பல்லாண்டுக்காலம் வகுப்பறையில் நின்ற எனக்கு இதில் ஒரு குறை உண்டு. அவர் வாழ்க்கையின் இரண்டு செய்திகளைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஒன்று, அவர் ஒரு சமண முனிவரை அழைத்து அவரிடம் கொல்லாமை அறம் கேட்டது. மற்றொன்று, அவர் பிடித்து வளர்த்த சிவிங்கிகள். இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, நம் அணுவிரதங்களுள் முதலாவதன் பொருள் இன்னும் சற்று விரிகிறது என்பது என் எண்ணம். அதனாலேயே இம்மலருக்கு இப்பொருளைத் தேர்ந்தேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். சிவிங்கி வேறு, சிறுத்தை வேறு. சிறுத்தை நம் மலைக்காடுகளில் இன்றும் உள்ளது, மரமேறும், அதன் மேனியில் பூவிதழ் போன்ற வளையப் புள்ளிகள் காணப்படும். சிவிங்கி புல்வெளியில் வாழ்வது. மெலிந்த உடல், நீண்ட கால்கள், தனித்தனியான கரும்புள்ளிகள், கண்ணீர் வழிந்தாற்போல் கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கருங்கோடு ஆகியன அதன் அடையாளங்கள். நிலத்தில் ஓடும் உயிர்களுள் அதனினும் விரைவானது வேறில்லை. புள்ளியுடையது என்னும் பொருள் கொண்ட வடசொல்லே இந்தியில் திரிந்து வழங்கி ஆங்கிலத்துக்கும் சென்றது. நாளிதழ்கள் இவ்விரண்டு விலங்குகளையும் குழப்பி எழுதுவதைக் காணும்போதெல்லாம் சிவப்பு மையைத் தேடும் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை.

அக்பர் 1542ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் சிந்துப் பாலைநிலத்தின் ஓரத்திலுள்ள அமர்கோட்டையில் பிறந்தார். தந்தை ஹுமாயூன் அப்போது அரசிழந்து ஓடிக்கொண்டிருந்தார். இராசபுத்திர அரசர் ஒருவர் அடைக்கலம் தந்த கோட்டையிலேயே குழந்தை கண் விழித்தது. இளமை முழுவதும் முகாம்களிலும் போர்க்களங்களின் ஓரத்திலும் கழிந்தமையால் அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் நூல்களைப் பிறர் படிக்கக் கேட்டே பேரறிவு பெற்றார். 1556 பிப்ரவரியில் பஞ்சாபின் கலாநூரில் அவருக்கு முடிசூட்டியபோது வயது பதிமூன்று.

அதற்கு முந்தைய ஆண்டு, மச்சிவாராப் போரில் சிக்கந்தர் சூரின் படை தோற்றது. கைப்பற்றிய பொருள்களோடு ஒரு சிவிங்கியும் முகலாயர் கைக்கு வந்தது. பத்தேபாஸ் என்று பெயரிட்ட அதனை இளவரசரிடம் அளித்தனர். அதைப் பழக்குவோனாகிய துந்து என்பவன் வேட்டை விடும் முறையைச் சிறுவனுக்குக் காட்டினான். அன்று தொடங்கிய பற்று அக்பரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

அக்கால அரசர்க்கு வேட்டை வெறும் பொழுதுபோக்கு மட்டுமன்று. வேட்டைக்கென்று சொல்லிச் சென்று நாட்டின் நிலையைப் பார்ப்பதும், அடங்காத சிற்றரசரைப் படைபலத்தால் அச்சுறுத்துவதும் உண்டு. இவற்றுள் பெரியது கமர்கா என்னும் வளைப்பு வேட்டை. பல்லாயிரம் பேர் பல கல் தொலைவுக்கு வட்டமாக நின்று விலங்குகளைக் கலைத்து, நாள்தோறும் வட்டத்தைச் சுருக்கி, நடுவே திரட்டுவர். 1567இல் லாகூருக்கு அருகில் நிகழ்ந்த வளைப்பு ஏறத்தாழ ஒரு மாதம் நடந்தது. உள்ளே சிக்கியவை சுமார் 15,000 விலங்குகள் என்பது வரலாற்றாசிரியர் தரும் கணக்கு. அக்பர் ஐந்து நாள் அவ்வட்டத்தினுள் வில், வாள், ஈட்டி, துப்பாக்கி, சுருக்குக் கயிறு என அனைத்தையும் கையாண்டு வேட்டையாடினார். பிறகு அமைச்சரும் படைத்தலைவரும், அவர்க்குப்பின் காலாட்களும் உள்ளே விடப்பட்டனர். ஆணென்றும் பெண்ணென்றும், சூலென்றும் குட்டியென்றும் பாராத கொலை அது. ஒரு பகுதியின் மான்கூட்டம் முழுவதும் ஒரே திங்களில் அழிந்தால், அதனை நம்பிய ஓநாயும் சிவிங்கியும் கழுகும் என் செய்யும் என்று அன்று கேட்டவர் இருந்ததாகத் தெரியவில்லை.

சிவிங்கி வேட்டை இதனினும் நுட்பமானது. கண்மூடி அணிவித்த சிவிங்கியை வண்டியில் ஏற்றி வெளிமான் மேயும் இடத்துக்குக் கொண்டு செல்வர். கண்மூடியை அகற்றியதும் அது மானைக் கண்டு பாய்ந்தோடி வீழ்த்தும். அக்பர் இதில் கொண்ட ஈடுபாட்டை அபுல் பசல் தம் அயினி அக்பரி என்னும் நூலில் விரிவாக எழுதிவைத்துள்ளார். அரசாங்கச் சிவிங்கிகள் எட்டு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் வகுப்புக்கு நாளொன்றுக்கு ஐந்து சேர் இறைச்சி. அடுத்தடுத்த வகுப்புகளுக்குப் படிப்படியாகக் குறையும். மணி பதித்த கழுத்துப்பட்டை, பூவேலை செய்த விரிப்பு, பணியாட்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு உண்டு. 1572இல் சாங்கானேருக்கு அருகில் சித்ரநஜன் என்னும் சிவிங்கி, மானைத் துரத்தி ஓர் அகன்ற பள்ளத்தை ஒரே தாவலில் கடந்து அதைப் பிடித்தது. பேரரசர் வியந்து அதனைச் சிவிங்கிகளின் தலைமைக்கு உயர்த்தி, அது செல்லுங்கால் முன்னே முரசறையவும் ஆணையிட்டார். மனிதர்க்கே எளிதில் கிட்டாத சிறப்பு!

இத்தனை அன்பும் பொய்யென்று சொல்ல மாட்டேன். அவற்றைப் பிடிக்கும் முறையிலும் அக்பர் இரக்கம் காட்டினார். முன்பெல்லாம் ஆழமான படுகுழி வெட்டுவர். விழுந்த சிவிங்கிகளுள் பல கால் ஒடிந்து கெட்டன. அக்பர் ஆழம் குறைந்த குழியையும், விலங்கு விழுந்தவுடன் தானே மூடிக்கொள்ளும் கதவையும் அமைக்கச் செய்தார். காயம் குறைந்தது. பழக்கும் காலமும் சுருங்கியது. முன்பு இரண்டு மூன்று திங்கள் எடுத்த வேலையை அக்பரின் முறைப்படி பதினெட்டு நாளில் முடித்தனர். இரக்கத்தால் பிறந்த இம்முறையே பிடிபடும் தொகையைப் பெருக்கியிருக்கும் என்பதையும் உடன் எண்ண வேண்டும்.

அதே நூலில் ஒரு சிறு செய்தி இருக்கிறது. அதைப் படித்த நாள்முதல் அது என் மனத்தைவிட்டு நீங்கவில்லை. இனச்சேர்க்கைக் காலமாகிய குளிர்பருவத்தில் ஒரு பெண் சிவிங்கி வெளியில் சென்றது. ஆறு ஆண்கள் அதைத் தொடர்ந்தன. பெண் தவறிக் குழியில் விழ, அதைப் பிரிய மனமின்றி ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே குதித்தன. ஒரே குழியில் ஏழு சிவிங்கிகள் அகப்பட்டன என்று அபுல் பசல் வியந்து எழுதுகிறார். அவ்வட்டாரத்தில் அடுத்த பருவத்தில் பிறக்கவேண்டிய குட்டிகள் எத்தனையோ, அவையும் அக்குழியில் அகப்பட்டன என்று நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால், சிறைப்பட்ட சிவிங்கி குட்டி ஈனுவதில்லை. அக்பர் ஒரு காலத்தில் ஆயிரம் சிவிங்கிகளை வைத்திருந்தார். அவை இனம் பெருக வேண்டும் என்று பெரிதும் விரும்பினார். தோட்டங்களில் ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டுப் பார்த்தார். பயனில்லை. அவர் மகன் ஜகாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் இதை எழுதி, தம் காலத்தில் ஓர் ஆண் சிவிங்கி கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு பெண்ணிடம் சென்றதால் மூன்று குட்டிகள் பிறந்ததை ஒரு புதுமையாகப் பதிவு செய்துள்ளார். அதற்கடுத்துச் சிறையிலிருந்த சிவிங்கி ஈன்றதாக உலகம் அறிந்த செய்தி 1956இல் அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்கியல் பூங்காவிலிருந்து வந்தது. இடையே மூன்றரை நூற்றாண்டு!

ஆகவே ஆயிரம் சிவிங்கி என்பது, ஒருமுறை திரட்டிவைத்துப் பேணிய தொகையன்று. இறந்தவற்றுக்கு ஈடாகப் புதியவை ஆண்டுதோறும் காட்டிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். அதிலும் குட்டிகளைப் பிடித்துப் பயனில்லை. தாய் ஒன்றரை ஆண்டுக்காலம் உடனிருந்து வேட்டை கற்பித்தால்தான் குட்டி வேட்டையாடும். எனவே பிடிப்போர் தேடியது வளர்ந்த விலங்கை, அதாவது இனம் பெருக்கும் நிலையிலிருந்த விலங்கை. ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள் பிறந்தாலும் அவற்றுள் பெரும்பாலானவை முதலாண்டிலேயே மடியும் இனம் இது. ஒரு தாயைப் பிடித்தால் காட்டில் விடப்பட்ட அதன் குட்டிகளும் பசியால் இறக்கும். காட்டின் கணக்கேட்டில், பிடித்துச் சென்றதற்கும் கொன்றதற்கும் வேறுபாடு இல்லை. ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் ஓரினத்தைக் குறைத்துவிட முடியும். மரத்தை வெட்டாமல், காய்க்கும் பருவத்துப் பூவையெல்லாம் ஆண்டுதோறும் பறித்துவந்தால் தோப்பு என்னாகும்?

இனி அக்பரின் மனமாற்றத்துக்கு வருவோம். 1578ஆம் ஆண்டு கோடையில் ஜீலம் ஆற்றங்கரையிலுள்ள பேராவில் மீண்டும் ஒரு பெரிய வளைப்பு வேட்டை ஏற்பாடாயிற்று. நாட்கணக்கில் விலங்குகளைத் திரட்டிவிட்டனர், வட்டம் சுருங்கிவிட்டது. அந்நிலையில் அக்பருக்கு ஒரு மரத்தடியில் சொல்லொணாத உள்ள அனுபவம் ஒன்று நேர்ந்தது. அதன் இயல்பு குறித்து அவர்காலத்து ஆசிரியர்களே வெவ்வேறாகப் பேசுகின்றனர். விளைவில் மட்டும் ஐயமில்லை. வேட்டையை நிறுத்தி, வளைத்த விலங்குகளையெல்லாம் ஓர் இறகுக்கும் ஊறின்றி விட்டுவிட ஆணையிட்டார். ஏழைகட்குப் பொன் வழங்கினார். தம் தலைமுடியையும் குறைத்துக்கொண்டார்.

இதைப் படிக்கும் நம்மவர் நெஞ்சில் நேமிநாத சுவாமியின் வரலாறு தோன்றாமல் இராது. திருமண விருந்துக்கென அடைத்துவைத்த விலங்குகளின் கதறலைக் கேட்டுத் தேரைத் திருப்பி, இராசமதியையும் அரசையும் துறந்து ஊர்ஜயந்தகிரி ஏறியவர் அவர். பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள திருப்பருத்திக்குன்றத்தில், இருகப்பர் 1387இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் மேற்கூரையில் அவர் வரலாற்று ஓவியங்களும் உள்ளன. அக்பர் துறவு பூண்டவரல்லர். பேராவுக்குப் பின்னும் போரிட்டார், வேட்டையையும் முற்றிலும் விட்டுவிடவில்லை. ஆயினும் அன்று தொடங்கிய ஐயம் அவரைச் சமயச் சான்றோர் பலரை நாடச் செய்தது.

அவ்வாறு அழைக்கப்பட்டவருள் ஒருவர் ஹீரவிஜய சூரி. பாலன்பூரில் பிறந்து இளமையிலேயே துறவேற்ற அவர், சுவேதாம்பர மரபின் தபாகச்சத் தலைவர். நாம் திகம்பர வழியினர். இருப்பினும் கொல்லாமையில் இரு மரபுக்கும் பிரிவில்லை. ஆக்ராவில் சம்பா என்னும் சாவகப் பெண்மணி ஆறு திங்கள் உண்ணாநோன்பிருந்து ஊர்வலம் வந்ததைக் கண்டே அக்பர் அம்முனிவரைப் பற்றி வினவினார் என்பது சமண மரபுச் செய்தி. குசராத்தின் ஆளுநர் வழியாக அழைப்புச் சென்றது. யானை, குதிரை, பல்லக்கு எதனையும் ஏலாமல், அப்போது ஐம்பத்தைந்து வயதைக் கடந்திருந்த முனிவர், கடற்கரை ஊராகிய கந்தாரிலிருந்து பல மாதம் நடந்தே 1583 சூனில் பத்தேபூர் சிக்ரியை அடைந்தார். அரண்மனையில் விரித்திருந்த கம்பளத்தின்மேல் அவர் கால்வைக்க மறுத்தார் என்றும், காரணம் புரியாமல் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தபோது கீழே எறும்புகள் ஊர்ந்தன என்றும் சொல்வர்.

முனிவர் தமக்கென்று எதையும் கேட்கவில்லை. அக்பர் அளித்த நூற்றொகுதியைக்கூட ஏற்கத் தயங்கினார். கேட்டதெல்லாம் பிற உயிர்களுக்காகவே. கூண்டிலிருந்த பறவைகள் விடுவிக்கப்பட்டன. சிறையிலிருந்தோரும் விடுதலை பெற்றனர். சிக்ரிக்கு அருகிலிருந்த டாபர் என்னும் பெரிய ஏரியில் மீன்பிடித்தல் நின்றது. பரியூஷண நோன்பையொட்டிப் பன்னிரண்டு நாள் பேரரசெங்கும் உயிர்க்கொலை தடுக்கப்பட்டது. பின்னர் இந்நாட்கள் மேலும் கூட்டப்பட்டன. உலகாசான் என்னும் பொருள்படும் ஜகத்குரு என்ற பட்டத்தை அக்பர் அவருக்கு வழங்கினார். அபுல் பசல் அக்காலத்து அறிஞர் பட்டியலில் அவரை முதல் வகுப்பில் வைத்துள்ளார். அவர் குசராத்துக்குத் திரும்பியபின்னும் சாந்திசந்திரர், பானுசந்திரர் முதலிய மாணாக்கர் அரசவையில் தங்கி அப்பணியைத் தொடர்ந்தனர். அக்பரும் ஊனுணவைப் பெரிதும் குறைத்துக்கொண்டார்.

இவ்வாணைகளைச் சமயப்பற்றால் மட்டும் நான் போற்றவில்லை. ஏரியில் மீனையும் வெளியில் மானையும் ஆண்டின் சில நாளாவது விட்டுவைப்பது இனம் தழைக்க இடம் தரும். இன்று தமிழக அரசு கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிப்பைத் தடை செய்வதும் அக்கருத்தால்தான். நோன்பாக வந்தாலும் சட்டமாக வந்தாலும் மீனுக்கு ஒன்றே.

ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. பறவைக்கூண்டுகள் திறந்தன; சிவிங்கிக் கொட்டில்கள் நீடித்தன. அயினி அக்பரி 1590களில், அதாவது முனிவர் வந்து சென்று பல ஆண்டுகளுக்குப் பின், நிறைவெய்திய நூல். அதிலும் எட்டு வகுப்புச் சிவிங்கிகளும் அவற்றின் உணவுப்படியும் நடைமுறையிலுள்ள ஏற்பாடாகவே பேசப்படுகின்றன. கொல்லுதல் பாவம் என்று ஏற்ற பேரரசருக்கு, நல்லுணவும் பூவிரிப்பும் தந்து பேணும் சிறை பாவமாகத் தோன்றவில்லை போலும்.

நம் ஆசாரியர்களுக்கு அது தோன்றியிருக்கிறது. தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தராது தடுத்தல் என்பன அவை. இவற்றுள் கட்டிவைத்தலே முதலில் நிற்கிறது. காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்தும் சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இவ்வைந்தையும் எடுத்தோதுகின்றன. அடித்தலும் சிதைத்தலும் கொடுமையென்று குழந்தைக்கும் விளங்கும். கட்டுதல் ஏன் அவற்றோடு, அவற்றுக்கும் முன்னே, எண்ணப்பட்டது என்று மாணவர் கேட்பதுண்டு. ஓடித் திரிவதே உயிரியல்பாகக் கொண்ட ஒன்றைக் கட்டினால், அதன் உடல் வாழ்ந்தாலும் அதன் வழித்தோன்றல் நின்றுவிடும் என்பதற்கு அக்பரின் ஆயிரம் சிவிங்கிகளைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஹீரவிஜய சூரி 1595இல் சௌராட்டிரத்து ஊனாவில் உடல் நீத்தார். அக்பர் 1605 அக்டோபரில் ஆக்ராவில் மறைந்தார். ஜகாங்கீர் தந்தையினும் பெரிய வேட்டைக்காரர். தம் பன்னிரண்டாம் வயது முதல் ஐம்பதாம் வயது வரை தாமே வீழ்த்தியவை 17,167 என்று கணக்கெடுத்து எழுதிவைத்தார். பிறகு, நோயுற்ற பேரன் பிழைக்கவேண்டித் தம் கையால் எவ்வுயிரையும் வருத்துவதில்லை என்று சூளுரைத்தார். தந்தையைப் போலவே எண்ணிக்கை மிகுந்தபின் வந்த இரக்கம்.

சிவிங்கியின் அழிவுக்கு அக்பர் ஒருவரையே பொறுப்பாக்குவது நீதியாகாது. அவருக்கு முன்னும் சுல்தான்கள் அதைப் பிடித்தனர். பின்னும் சிற்றரசர் பலர் பிடித்தனர். புல்வெளிகள் உழவுநிலமாயின. ஆங்கிலேயர் ஆட்சியில் அதைத் தொல்லை விலங்கெனக் கருதிக் கொன்றோர்க்குப் பரிசும் தந்தனர். அதன் இரையாகிய வெளிமானும் துப்பாக்கிக்கு இரையாகித் தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சிவிங்கி கிடைக்காமல், சமஸ்தான மன்னர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. 1918 முதல் 1945 வரை அவ்வாறு வந்தவை சுமார் 200. 1947இல் மத்திய இந்தியாவின் கொரியா சமஸ்தான அரசர் இரவில் வண்டி விளக்கொளியில் மூன்று ஆண் சிவிங்கிகளைச் சுட்டார். உறுதியான சான்றோடு நாம் அறிந்த கடைசி இந்தியச் சிவிங்கிகள் அவையே. 1952இல் அரசு அவ்வினம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவித்தது. ஆசியச் சிவிங்கி இன்று ஈரானில் மட்டும் மிகச் சில எஞ்சியுள்ளது.

ஓர் உயிர் நீங்கினால் அதன் இடம் வெறுமையாவதோடு நிற்பதில்லை. சிவிங்கி வெளிமான் கூட்டத்தை ஓரிடத்தில் தங்கவிடாமல் நகர்த்தும். அதனால் மேய்ந்த புல் தளிர்க்க நேரம் கிடைக்கும். அது தின்று மிஞ்சியதை நரியும் கழுகும் உண்ணும். இப்பின்னலில் ஓரிழை அறுந்தபின் மற்றவை முன்போல் நிற்பதில்லை. நெசவாளர் ஊரில் இதை விளக்கவும் வேண்டுமோ? சென்னைக் கிண்டிப் பூங்காவிலும் கோடியக்கரையிலும் வெளிமான்களைப் பார்த்திருப்பீர்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை அவை ஓடும். இன்று அவ்வளவு விரைவாகத் துரத்தக்கூடிய விலங்கு அங்கு எதுவுமில்லை. சிவிங்கிக்குத் தப்பி வாழ்ந்த தலைமுறைகள் தந்த ஓட்டம் அது என்பர் விலங்கியலார்.

2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டும், அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் சில இறந்தன. சில குட்டி ஈன்றுள்ளன. அவை திறந்தவெளியில் தாமே பெருகுமா, வேலிக்குள்ளேயே பேணப்படுமா என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு. அக்பர் தோட்டத்தில் செய்து பார்த்த முயற்சியைப் படித்தவர்க்கு அவ்வேறுபாட்டின் காரணம் விளங்கும்.

அக்பரின் கல்லறை ஆக்ராவுக்கு அருகே சிக்கந்தராவில் உள்ளது. வடநாட்டு யாத்திரையாக மதுரா, ஆக்ரா செல்லும் நம் குடும்பத்தார் அதையும் காணலாம். கல்லறையைச் சூழ்ந்த பெருந்தோட்டத்தின் புல்தரையில் இன்றும் வெளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன.